கார்சா கூட்டம்

சுமதிக் கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ அழுதுகொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, ஜஸ்ட் டெல் மீ. ரூபென் தமிழ்ப் பையன் இல்லைங்கிறதுதான் ப்ராப்ளமா?" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் ஃபோனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு உன் அப்பா பீட்சா வாங்கி வந்திருந்தார். மார்ச் மாதம் ரூபெனின் வீட்டார் பண்ணைக்குப் போய் வந்ததிலிருந்து நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று இன்றுவரை என் வாயால் சொல்லவும் இல்லை. உன் ஆபீஸில் ஆள் குறைக்கிறார்கள் என்ற கவலையோடு இந்தக் கவலையையும் நீ தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் கோபப்படுவேன், விஷயம் பாதியில் நிற்கும். ஒன்பது வயது வரை கோபியில் படித்தவள், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். ரூபெனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துச் சொல்லாதே. முதலில் தனியாகப் படி.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பண்ணையில் அவர்கள் குடும்பக் கல்லறைகளுக்கு நடுவில் ஒரு கல்லில் உன் பெயர் வெட்டியிருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். நீ அப்போது தொழுவத்துப் பக்கம் குதிரைக்குக் கேரட் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

இனி ஆரம்பத்திலிருந்து வருகிறேன். ரூபென் முதன்முதலாக பேர்லேண்டில் நம் வீட்டுக்கு வந்தது போன தேங்க்ஸ்கிவிங் அன்று. கையில் ஒரு ஐஸ் பெட்டி. திறந்து பார்த்தால் சுத்தம் செய்து உறைய வைத்த காடைகள். அவனே சுட்டுக் கொண்டுவந்தது என்று பெருமையாகச் சொன்னான். உன் அப்பா காடை கூட்டம். அவருடைய வீட்டில் ஏழு தலைமுறையாகக் காடைக் கறி ஏறியதில்லை, அந்தப் பறவையைக் கல்லால் அடித்தால்கூடக் குற்றம். அவர் ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "ஏம்புள்ள, நம்ம குலத்தையே ஐஸ்ல போட்டுக் கொண்டாந்திருக்கானே பையன்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீதான் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ், டோன்ட் மேக் எ ஃபேஸ்" என்றாய். பையன் நல்ல பையன் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். ரூபன் என்று உன் அப்பா அவனை நம் ஊர்ப் பெயராகவே மாற்றிக் கூப்பிட்டதற்கும் திருத்தாமல் பதில் சொன்னான்.

நம் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன் கேட்கிற முதல் கேள்வியை நானும் கேட்டேன். கூட்டம் என்ன? ஒரே கூட்டத்துக்காரர்கள் எல்லோரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, அதற்குள் பெண் கொடுப்பதும் இல்லை எடுப்பதும் இல்லை. இது உனக்கு அரைகுறையாகத் தெரியும். அவனிடம் கூட்டம் என்று கேட்டால் என்ன புரியும்? அதனால் அப்பா வழிக் குடும்பப் பெயர் என்ன, அம்மா வழிக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டேன். "கார்சா, ஆன்ட்டி" என்றான். அது அப்பா வழி, அம்மா வழி என்ன என்றேன். "அதுவும் கார்சா. எங்க பக்கம் ஃபோன் புக்ல பாதிப் பேர் கார்சாதான்." முழுப் பெயர் ரூபென் கார்சா கார்சா என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அப்பா பெயர் முன்னால், அம்மா பெயர் பின்னால், இரண்டையும் சேர்த்து எழுதுவது ஸ்பானிஷ் வழக்கமாம். சமையலறைக்குப் போய் உன் அப்பாவைக் கூப்பிட்டு, "ஏனுங்க, பங்காளி ஊட்டுக்குள்ளயே பொண்ணு எடுத்திருக்காங்களே, இது எந்த ஊர் ஞாயமுங்க?" என்றேன். அவர், "அது வெறும் பேரு புள்ள. கம்முனு கொழம்பைக் கலக்கு" என்றார். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க ரத்தம் பார்க்கிறவள் நான். எந்தக் குழாயிலும் கூட்டம் எழுதியிருந்து பார்த்ததில்லை. ஆனாலும் வளர்ந்த வளர்ப்பு போகவில்லை. அந்தப் பெயரின் கதை என்ன என்று தெரிந்துகொள்ளாமல் பெண் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மார்ச்சில் நாம் எல்லோரும் அங்கே போனதே என் பிடிவாதத்தால்தான்.

ஆறு மணி நேரம் கார் ஓடியது உனக்கு நினைவிருக்கும். தெற்கே போகப் போக வீடுகள் குறைந்து, மரம் குறைந்து, கடைசியில் நம் ஊர் சீமைக்கருவேலம் மாதிரியே முள்மரங்கள் மட்டும் நின்றன. வாசல் இரும்புக் கேட்டில் ஒற்றைக் காலில் நிற்கிற ஒரு நாரை உருவம். கார்சா என்றால் நாரைதான் என்று ரூபென் சொன்னான். பறவைப் பெயரில் கூட்டம் என்று கேட்டதும் உன் அப்பாவுக்கு ஒரே குஷி. எனக்கும் மனது கொஞ்சம் இளகியது. சாப்பாடு முடிந்து எல்லோரும் தொழுவத்துக்குப் போனதும், ரூபெனின் அம்மா டெல்ஃபினா என் கையைப் பிடித்து, "நீங்க எங்க பேரைப் பத்திக் கேட்டீங்களாமே. வாங்க, காட்டறேன்" என்றார். அவர் பேசியது பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலீஷ். நான் நமக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். உச்சி வெயில். நிழல் காலுக்கடியில் ஒட்டிக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு, அதைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே போன பிறகுதான் அது சுடுகாடு என்று எனக்கு உறைத்தது. குளிக்காமல் எப்படி வீட்டுக்குள் திரும்பிப் போவது என்பதுதான் என் முதல் யோசனை.

எல்லாக் கல்லிலும் ஒரே பெயர். இந்தப் பக்கம் கார்சா, அந்தப் பக்கம் கார்சா. ஒவ்வொரு கல்லின் தலையிலும் சின்னச் சின்னக் கூழாங்கற்கள். யார் வைத்தது என்று கேட்டேன். வருகிறவர்கள் வைப்பார்கள், ஏன் என்று தெரியாது என்றார். வீட்டில் யாராவது இறந்தால் கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடுவார்களாம். அதுவும் ஏன் என்று தெரியாதாம். அந்தப் பெயரின் முதல் ஊர் ஸ்பெயினில் எங்கோ வடக்கே இருந்தது என்று ஒரு பேச்சு. நாரை நிற்கிற நீர்நிலைக்குப் பக்கத்தில் குடியிருந்ததால் வந்த பெயர் என்பார்களாம். வேறொரு மதத்தை நெஞ்சுக்குள் மறைத்துக்கொண்டு, உயிருக்குப் பயந்து கப்பலேறியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள் என்று இன்னொரு பேச்சு. எது உண்மை என்று சொல்ல ஆள் இல்லை. மெக்சிகோவில் இறங்கி, வடக்கே வடக்கே நகர்ந்து, இந்த ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஸ்பெயின் ராஜா அவர்களுக்கு ஆற்றைத் தொட்டபடி நீளமான பட்டைகளாக நிலம் பிரித்துக் கொடுத்தார். சுற்றிலும் முள்ளும் வெயிலும்தான். பெண் எடுக்க இரண்டு மூன்று குடும்பங்களை விட்டால் வேறு நாதி இல்லை. அதனால் கார்சாவும் கார்சாவும் கட்டிக்கொண்டார்கள். "என் அப்பாவோட கார்சா வேற, என் புருஷனோட கார்சா வேறன்னு என் அம்மா சொல்வாங்க. எங்கே பிரிஞ்சதுன்னு அவங்களுக்கும் தெரியாது" என்றார் டெல்ஃபினா. பிறகு அந்த ஆறே நாட்டின் எல்லையாயிற்று. பெயர் இரண்டு கரையிலும் நின்றது.

அப்புறம் அணை வந்தது. மேட்டின் விளிம்புக்கு என்னைக் கூட்டிப் போய்க் கீழே காட்டினார். மழை இல்லாத வருஷங்களாக இருந்ததால் ஏரி வெகு தூரம் உள்வாங்கிக் கிடந்தது. சேற்றுக்கு நடுவில் சுவர்கள் நின்றன. கூரை இல்லை, கதவு இல்லை. வாசல்கள் மட்டும் வாசல்களாகவே இருந்தன. அதுதான் அவர்களுடைய பழைய ஊராம். ஒரு சுவரின் மேல் ஒரு நாரை அசையாமல் நின்றது. என் அப்பா வழிச் சனங்கள் பவானிசாகர் அணைக்குள் ஊரை விட்டுவிட்டு மேலேறி வந்தவர்கள். கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம். டெக்சாஸில் ஒரு சுடுகாட்டு மேட்டில் நின்று அதையே பார்ப்பேன் என்று நான் எங்கே கண்டேன். இதை நான் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. அதுவரை விருந்தாளியிடம் பேசியவர், அதற்கு மேல் தெரிந்தவளிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

அணைக்காரர்கள் சொன்ன நாளுக்கு முன்பே தண்ணீர் ஏறிவிட்டதாம். அவசர அவசரமாகக் கல்லறைகளைத் தோண்டி மேலே கொண்டு வந்தார்கள். கல் ஒரு வண்டியில், எலும்பு ஒரு வண்டியில். எந்தக் கல் யாருக்கு என்று பாதிக்கு மேல் குழம்பிப் போயிற்று. எல்லாம் கார்சாதானே என்று கிடைத்த எலும்பைக் கிடைத்த கல்லுக்குக் கீழே புதைத்தார்கள். "இந்தக் கல்லுல பேர் இருக்கிறவர் இதுக்குக் கீழே இருக்காரான்னு எனக்குத் தெரியாது" என்று தன் மாமனாரின் கல்லைத் தொட்டுக்கொண்டே சொன்னார். அதை விடக் கொடுமை இன்னொன்று. யாராவது முன்னால் வந்து இது எங்கள் ஆள் என்று சொன்ன குழிகளைத்தான் தோண்டினார்கள். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள் சிலருக்கு அப்படிச் சொல்லப் பிறந்த வீட்டு ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. மரச் சிலுவையில் எழுதிய பெயர் எப்போதோ அழிந்து போயிருந்தது. அவர்கள் எல்லோரும் இன்னும் ஏரிக்கு அடியில்தான் இருக்கிறார்கள். நம் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்து மேலே விழுந்த பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். கோடி போட ஆளில்லாமல் போன பெண்களை நினைத்துக்கொண்டு அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் வந்ததாம். கார்சா வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள் என்று பேசி முடித்த உடனே, கல்யாணத்துக்கு முன்பே, மாப்பிள்ளையின் கல்லில் அவள் பெயரையும் வெட்டிவிடுவது. டெல்ஃபினா தன் கல்லைக் காட்டினார். பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் வெறும் இடம். "எனக்கு இருபத்தோரு வயசுல வெட்டினாங்க. வாரா வாரம் நானே வந்து தொடைக்கிறேன்" என்று முந்தானை இல்லாத குறைக்குச் சட்டை நுனியால் துடைத்துக் காட்டினார். தன் சமாதியைத் தானே துடைக்கிற பொம்பளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்தாற்போல் ஒரு புதுக் கல். அவர் அதைச் சந்தோஷமாகக் காட்டினார் கண்ணு, அதை நான் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு வாங்கிய தொட்டிலைக் காட்டுகிற முகம். ரூபெனின் பெயர் ஒரு பக்கம். மறு பக்கம் சுமதி பழனிசாமி. நீ பிறந்த வருஷம். ஒரு கோடு.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீர் கேட்டேன் என்று நினைக்கிறேன். திரும்பி வருகிற ஆறு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை, நீ பின்சீட்டிலிருந்து, "மாம், ஆர் யூ மேட் அட் மீ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். உன் மேல் எனக்கு என்ன கோபம்? உன் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உன் அப்பாவிடம் சொன்னபோது, "இந்த ஊர்ல நெறையப் பேர் முன்னமே கல்லு வாங்கி வெச்சுக்கறாங்க. இன்சூரன்ஸ் மாதிரி" என்றார். அவருக்கு எல்லாமே இன்சூரன்ஸ் மாதிரிதான். கூட வேலை செய்கிற ஒரு அமெரிக்க அம்மாளும், தன் பெற்றோர் அப்படி வாங்கி வைத்திருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னாள். எல்லாருக்கும் அது சாதாரணம். எனக்கு மட்டும் எங்கே திரும்பினாலும் அந்தக் கோடு தெரிந்தது. லேபில் ரத்தக் குழாயில் ஒட்டுகிற லேபிளில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும், பார்த்திருக்கிறாய். அத்தனை வருஷம் பார்த்த லேபிளை என்னால் பார்க்க முடியவில்லை. மே மாதம் ஃப்ரீவேயில் உன் கார் டயர் வெடித்து, வண்டி ஒரு சுற்றுச் சுற்றித் தடுப்பில் இடித்து நின்றதே, நீ சிரித்துக்கொண்டே ஃபோன் செய்தாய். நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவே இல்லை. அவர்கள் வெட்டியதுதான் உன்னை இழுக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. படித்தவள்தானே என்று நீ கேட்கலாம். படிப்பு அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை.

ஜூனில் நீ ஃபோன் செய்து, "வாட்ஸ் யுவர் மெய்டன் நேம், அம்மா? டெல்ஃபினாவுக்கு வேணுமாம்" என்றாய். எனக்கு ஏற்கெனவே கடுப்பு. அப்படியெல்லாம் ஒரு பெயர் நமக்குக் கிடையாது என்றேன். உண்மைதானே. இந்த நாட்டில் என் குடும்பப் பெயர் பழனிசாமி, அது உன் அப்பாவுக்கு அவருடைய அப்பா வைத்த பெயர். கல்யாணமான அன்றே நான் காடை கூட்டமாகிவிட்டேன், பிறந்த கூட்டத்தைப் பத்திரிகையில் அச்சடித்ததோடு சரி. நீ விடவில்லை. சரி, நான் பிறந்தது ஆந்தை கூட்டம், போய்ச் சொல் என்றேன். "ஆந்தைன்னா அவுல்தானே?" என்று கேட்டாய். ஆமாம், அவுல்தான், உன் மாமியார் பயந்து ஓடட்டும் என்று சொல்லி வைத்தேன். அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசிக்கக்கூட இல்லை.

போன ஞாயிறு நீ அழுத பிறகு திங்கட்கிழமை டெல்ஃபினாவுக்கு நான் ஃபோன் செய்தேன். நீளமாகப் பேச எனக்கு இங்கிலீஷும் இல்லை, மனதும் இல்லை. என் மகள் பெயரை அந்தக் கல்லிலிருந்து எடுத்துவிடுங்கள், எடுத்தால்தான் கல்யாணத்துக்கு வருவேன் என்றேன். அவர், "வெட்டின பேரை இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை. நீங்க சொன்னா எடுத்துடலாம். ஆனா நீங்க நேர்ல வரணும். அவ பக்கத்து ஆள் கை படாம நாங்க எடுக்க மாட்டோம்" என்றார். நேற்றுக் காலை நானும் உன் அப்பாவும் லீவு போட்டுவிட்டுப் போனோம். உன்னிடம் சொல்லவில்லை. அவர் வழியெல்லாம் ரேடியோ கேட்டுக்கொண்டு வந்தார். நான் பையில் ஒரு பாட்டில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தேன்.

அதே உச்சி வெயில், அதே மேடு. ஏரி இன்னும் கீழே போயிருந்தது. சுவர்களின் அடிவரை தெரிந்தது. எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. டெல்ஃபினா எனக்கு முன்பே அங்கே வந்து, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு துணியை விரித்து, அதில் உளியும் சுத்தியலும் வைத்திருந்தார். கோபம் ஒன்றும் இல்லை. நான் குனிந்தேன். உன் பெயருக்குக் கீழே மார்ச்சில் இல்லாத ஒரு வரி இருந்தது. மேலே இருந்த எழுத்துகள் மெஷினில் வெட்டியது மாதிரி நேராக இருந்தன. இது கோணல் மாணலாக, ஒரு எழுத்து ஆழமாகவும் ஒரு எழுத்து கீறலாகவும் இருந்தது. இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். ஆந்தை என்று வந்தது. கடைசி எழுத்து மட்டும் வெட்டாமல் பென்சில் கோடாக விட்டிருந்தார்கள்.

"இது யார் வெட்டினது?" என்று கேட்டேன். "நான்தான்" என்றார். பிள்ளைக்கு அப்பா பெயரும் அம்மா பெயரும் இரண்டும் இருக்க வேண்டும் என்பதால் கேட்டு வாங்கியிருக்கிறார். கல் வெட்டுகிறவரிடம் கொடுத்தபோது இது என்ன பெயர் என்று அவர் கேட்க, இவரும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஆந்தை என்றால் சாவுக் குருவி. அது செத்துப்போன சூனியக்காரியின் உருவம் என்றும், கூரையில் வந்து உட்கார்ந்தால் வீட்டில் ஒரு உயிர் போகும் என்றும் பயப்படுவார்களாம். அந்த ஆள் சிலுவை போட்டுக்கொண்டு, பிணங்களுக்கு நடுவில் அந்தப் பெயரை வெட்ட மாட்டேன் என்று போய்விட்டார். டெல்ஃபினாவின் கணவரும் வேண்டாம் என்றிருக்கிறார். "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்றேன். "இருந்தது. இப்பவும் இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே என் பேரும் இருக்குதே" என்றார். பிறகு ஏரியைக் கையால் காட்டி, "அங்கே இருக்கிறவங்க பேரைக் கேட்க யாருக்கும் தோணலை. உங்க பொண்ணு ரொம்ப தூரத்துல இருந்து வர்றா" என்றார். ஏன் கடைசி எழுத்தை விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது பெண் வீட்டாருக்கு விட்டு வைப்பது என்று அவராகவே சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சுடுகாட்டு மேட்டில், வெயிலில், யாரோ ஒரு பொம்பளை முன்னால் அசிங்கமாக விக்கி விக்கி அழுதேன். என் கூட்டத்தின் பெயர் என் பிள்ளைக்குப் போகாது என்று எனக்கு எப்போதும் தெரியும், அதில் வருத்தம் என்று நான் நினைத்ததுகூட இல்லை. அதை ஒருத்தி தன் பயத்தை விழுங்கிக்கொண்டு உன் பெயரோடு கல்லில் ஏற்றியிருக்கிறாள். உளியை எடுத்தேன். அழிக்க எடுத்ததா, வெட்ட எடுத்ததா என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது. ஐ என்ற அந்த இங்கிலீஷ் எழுத்து மேலிருந்து கீழே ஒரு நேர்க்கோடுதான். டெல்ஃபினா என் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினார். வெட்டினேன். நீ வயிற்றில் இருக்கும்போது உனக்குத் துணி தைத்த கையால் உன் கல்லறையில் எழுத்து வெட்டினேன். கல்தூள் வாயில் பட்டது. உன் அப்பா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல இன்சூரன்ஸ் எதுவும் அகப்படவில்லை. மஞ்சள் தண்ணீரைத் தெளித்தேனா என்று கேட்காதே. தெளித்தேன். டெல்ஃபினா, தன் கல்லுக்கும் கொஞ்சம் தெளிக்கச் சொன்னார். இங்கிலீஷில் இல்லாத சம்பந்தி என்ற வார்த்தை அவர்கள் மொழியில் இருக்கிறதாம், கோன்சுவேக்ரா என்று என்னைக் கூப்பிட்டார்.

ஆகவே கல்யாணத்துக்கு வருகிறேன். பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து வைத்துவிட்டேன். நீ அந்த வீட்டுக்குப் போகிறாய், அவர்கள் சொல்கிறபடி கேட்டு நட என்றெல்லாம் எழுத எனக்குத் தகுதி இல்லை, நான் யார் சொன்னதையும் கேட்டவளில்லை. ஒன்று மட்டும் செய். அவர்களிடம் எதற்கென்றே தெரியாமல் செய்கிற காரியங்கள் நிறைய இருக்கின்றன. சிரிக்காதே, பயந்து ஒதுங்கியும் போகாதே, கேள். பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார்கள். பக்கத்திலேயே நில், எப்போதாவது ஒரு கதை வெளியே வரும். உன்னிடமும் கேட்பார்கள். அப்பாவிடம் காடையைப் பற்றி விசாரித்து வைத்துக்கொள். என்னை மாதிரி உள்ளே வைத்துக்கொண்டு நாலைந்து மாதம் ஃபோனில் பால் பொங்கவிடாதே.

பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை கண்ணு. டெல்ஃபினாவுக்கும் போகவில்லை, எனக்கும் போகவில்லை. கிளம்புவதற்கு முன் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தில் என் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் நெற்றி மாதிரி சுட்டது. கையை எடுக்க மனசு வராமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். கடவுளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் என்றைக்காவது எழுத வேண்டியதை எழுதுகிற நாளில், உன் பக்கத்து ஆள் யார் என்று தேடினால், நான் கிடைக்கவே கூடாது.

அம்மா